குடும்ப டாக்டரின் நாற்காலி

நகரத்துப் புற்றுநோய் மையத்தின் ஆலோசனை அறையில் ஓர் ஆரஞ்சு நிற நாற்காலி இருந்தது. அதன் முதுகில் பித்தளைத் தகடு அடித்து, 'குடும்ப டாக்டர்' என்று பொறித்திருந்தார்கள். அதில் யாரும் உட்காரக் கூடாது.

நோயாளியான ரைண்டருக்கு இது தெரியும். அவர் மனைவி ஆஃப்கேவுக்குத் தெரியாது. அவள் மூட்டுவலிக்காரி. ஓல்டர்சைலிலிருந்து ஒரு மணி நேரம் பஸ்ஸில் வந்து, மாடி ஏறி, அறைக்குள் நுழைந்ததும் கண்ணில் பட்ட முதல் நாற்காலியை நோக்கி நேராகப் போனாள்.

"அம்மா, அம்மா, அதுல வேண்டாம்" என்று மெரல் எழுந்து வந்து குறுக்கே நின்றாள். மெரல் அந்த மையத்தின் இணைப்பு ஒருங்கிணைப்பாளர். எதை எதோடு இணைக்கிறாள் என்று யாரும் கேட்டதில்லை.

"யாராவது வராங்களா?"

"இல்லை. அது குடும்ப டாக்டருக்கானது."

"எங்க டாக்டர் போக்மாவா? வராங்களா?"

"யாரும் வரமாட்டாங்கம்மா. சிகிச்சையில குடும்ப டாக்டரும் ஒரு அங்கம்னு நாங்க மறந்துடக் கூடாது பாருங்க, அதுக்காகத்தான்."

ஆஃப்கே அந்த நாற்காலியைப் பார்த்தாள், மெரலைப் பார்த்தாள், தன் முழங்காலைப் பார்த்தாள். மூலையில் இருந்த எடை பார்க்கும் நாற்காலியை விட்டால், மீதி இருந்தவை மூன்று நாற்காலிகள். ஒன்று டாக்டருடையது, ஒன்று மெரலுடையது, ஒன்று நோயாளியுடையது. ரைண்டர் எழுந்து தன்னுடையதை மனைவிக்குக் கொடுத்துவிட்டு நின்றுகொண்டார். அந்த மையத்தின் சுவரில் பெரிய எழுத்தில் எழுதியிருந்தபடி, நோயாளி அப்போது அறையின் மையத்தில்தான் இருந்தார்.

டாக்டர் ரோஸ்மாலன் நல்ல மனிதர். கெட்டவராக இருந்திருந்தால் கதை சுலபமாக முடிந்திருக்கும். கோடையில் ரைண்டரின் பெருங்குடலிலிருந்து கட்டியை எடுத்தாகிவிட்டது, மூன்று மாதம் மருந்து ஏற்றியும் ஆகிவிட்டது. இனி என்ன என்பதை அவர் பொறுமையாகச் சொன்னார்.

"இன்னும் மூணு மாசம் போடலாம். போட்டா திரும்பி வர்ற வாய்ப்பு இன்னும் கொஞ்சம் குறையும். கொஞ்சம்தான். போடாட்டியும் இதுவரைக்கும் போட்டது வீண் இல்லை. ஆனா உங்க விரல் மரத்துப்போயிருக்கு இல்லையா, தொடர்ந்து போட்டா அது அப்படியே நின்னுடலாம். முடிவு உங்களோடது."

அந்த நாட்டு ஆஸ்பத்திரிகளில் முடிவுகள் எல்லாம் நோயாளியுடையவைதான். வண்டி நிறுத்தும் கட்டணமும் அப்படியே.

ரைண்டர் தன் கைகளைப் பார்த்தார். நாற்பது வருஷம் ஓல்டர்சைல் கால்வாய்ப் பாலத்தை ஏற்றி இறக்கிய கைகள். படகு கடந்து போகும்போது தூண்டில் கழியின் நுனியில் மரச்செருப்பைக் கட்டி நீட்டி, படகுக்காரர் அதில் போடும் பாலக் கட்டணக் காசைச் சிந்தாமல் இழுத்துக்கொண்ட கைகள். ஓய்வு பெற்ற பிறகு அவை செய்யும் ஒரே உருப்படியான காரியம் ஊர் வாத்தியக் குழுவில் ஃப்ளூகல் ஹார்ன் என்னும் பித்தளை ஊதுகுழலை வாசிப்பது. மூன்று பொத்தான், மூன்று விரல். இப்போது எந்த விரல் எந்தப் பொத்தானில் இருக்கிறது என்று கண்ணால் பார்த்துத்தான் அவருக்குத் தெரிகிறது.

"முடிவு பண்றதுக்கு முன்னாடி போக்மா டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை பேசணும்" என்றார்.

ரோஸ்மாலனின் முகம் மலர்ந்தது. "அருமை. எங்க தொலைநோக்கு அறிக்கையில மூணாவது பக்கத்துல இருக்கிறதே இதுதான். மெரல், நோட் பண்ணிக்கோங்க. நோயாளி தானாவே கேக்குறாரு."

மெரல் நோட் பண்ணிக்கொண்டாள். இரண்டு வாரம் கழித்து, வியாழக்கிழமை முடிவைச் சொல்ல வரவேண்டும் என்று ஏற்பாடாயிற்று. எல்லாரும் அந்த ஆரஞ்சு நாற்காலியை ஒருமுறை பெருமையாகப் பார்த்துக்கொண்டார்கள்.

மறுநாள் காலை ரைண்டர் போக்மாவின் கிளினிக்குக்குப் போன் செய்தார். எடுத்தவள் ஹெர்மா. அந்தக் கிளினிக்கில் டாக்டருக்கும் ஊருக்கும் நடுவே நிற்கும் உதவியாளர். கடல் புகுந்து ஊர் நனையாமல் காக்கும் மண்ணணையைக் கட்டியவர்களின் வம்சத்தில் வந்தவள். எதையும் உள்ளே விடமாட்டாள்.

"புற்றுநோய் சம்பந்தமாவா, ரைண்டர்?"

"ஆமா."

"அப்ப ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணணும். சிகிச்சை நடக்கிற வரைக்கும் புற்றுநோய்னா அவங்கதான். நோயாளிக்குக் குழப்பம் வரக் கூடாதுன்னு டாக்டருங்க சங்கமும் ஆஸ்பத்திரியும் ஒப்பந்தம் போட்டிருக்காங்க."

ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தார். ஒரு நர்ஸ் கனிவாகக் கேட்டாள். "மருந்து சம்பந்தமாங்களா?"

"மருந்து வேணுமா வேண்டாமாங்கிற யோசனை சம்பந்தமா."

"யோசனைன்னா, மனசு சம்பந்தம்னு வெச்சுக்கலாமா?"

"வெச்சுக்கலாம்."

"அப்ப அது குடும்ப டாக்டர் பக்கம் வரும் ஐயா."

மறுபடி ஹெர்மா. "மனசுல என்ன?"

"புற்றுநோய்."

"அப்ப ஆஸ்பத்திரி."

ஒரு குழப்பமும் இல்லாமல் ரைண்டர் போனை வைத்தார். ஆஃப்கே காபி ஊற்றி, பிஸ்கட் டப்பாவைத் திறந்து ஆளுக்கு ஒன்று கொடுத்துவிட்டு மூடினாள். அவள் முகம் யோசனையில் இருந்தது.

"உனக்கு வேற வியாதி எதுவும் கிடையாதா?"

"என்னது?"

"இந்த ஒண்ண வெச்சுக்கிட்டு நீ அவங்க வாசல்படி ஏற முடியாது. சின்னதா, உருப்படியா ஏதாவது கண்டுபிடி."

ரைண்டர் தன்னை மேலிருந்து கீழே சோதித்துப் பார்த்தார். அறுபத்தெட்டு வயது உடம்பு ஏமாற்றவில்லை. இடது காது அடைத்திருந்தது. ஹெர்மா மகிழ்ச்சியோடு அன்றே நேரம் கொடுத்தாள். காது யாருடைய ஒப்பந்தத்திலும் இல்லை.

கிளினிக்கில் அவரை உட்காரவைத்து, கழுத்தில் துண்டைச் சுற்றி, வெந்நீர் பீச்சாங்குழலோடு ஹெர்மாவே வந்து நின்றாள்.

"டாக்டர்?"

"காது கழுவ டாக்டர் எதுக்கு? பத்து நிமிஷம் அவங்களுக்கு. அதுவும் ஒரு தடவைக்கு ஒரு வியாதிதான்."

பழுப்பாய் ஒரு கட்டி வெளியே வந்து விழுந்தது. ரைண்டரின் இடது காது திறந்துகொண்டது. அதில் முதலில் விழுந்தது பக்கத்து அறையில் டாக்டர் போக்மா யாரோடோ சிரித்துப் பேசும் சத்தம். ஒரு வார்த்தை விடாமல் கேட்டது. தியால்டாவின் முதுகுக்குப் பாரசிட்டமால் போதுமாம்.

அடுத்தது மரு. வலது புறங்கையில் பல வருஷமாகக் குடியிருந்த மரு ஒன்று இதற்காகவே காத்திருந்ததுபோல் நினைவுக்கு வந்தது. ஆனால் மருவையும் ஹெர்மாதான் பார்ப்பாளாம். குளிர் திரவத்தைத் தொட்டுவைத்து உறையவைப்பாளாம்.

"குளிர் எனக்கு ஆகாது. ஃபிரிட்ஜ் கதவைத் தொட்டாலே ஊசி குத்துது. அடுப்புக் கையுறை மாட்டிக்கிட்டுத்தான் பால் எடுக்கிறேன்."

"ஏன் ஆகாது?"

"மருந்தால."

"எந்த மருந்து?"

ரைண்டர் சொன்னார். ஹெர்மா குப்பியை மூடினாள். "அப்ப மரு ஆஸ்பத்திரிக்குப் போகுது."

டாக்டரைக் கிளினிக்குக்கு வெளியே பிடிக்கலாமே என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். உண்மையில் சனிக்கிழமை அது நடக்கவும் செய்தது. கடையில், தயிர் வைத்திருக்கும் குளிர்ப் பெட்டி முன்னால், கையில் கூடையோடு டாக்டர் போக்மாவே நின்றார். முப்பது வருஷமாக அந்தக் குடும்பத்தின் உள்ளும் புறமும் அறிந்தவர். ரைண்டரின் தாய் இறந்தபோது கண்ணை மூடிவிட்டவரும் அவர்தான். ஆனால் ஓல்டர்சைலில் ஒரு மரியாதை உண்டு. கடையில் டாக்டரைப் பார்த்தால் உடம்பைப் பற்றிப் பேசக் கூடாது. அப்படிப் பேசுகிறவனை ஊர், தேவாலயத்தில் செருப்பைக் கழற்றிக் கால் சொறிகிறவனைப் போலப் பார்க்கும்.

"காத்து பலமா இருக்கு" என்றார் ரைண்டர்.

"ஆமா. நாளைக்கும் இருக்குமாம்" என்றார் டாக்டர் போக்மா.

ரைண்டர் தயிரைப் பார்த்தபடி நின்றார். கையுறை வீட்டில் இருந்தது. டாக்டர் அவர் கையை ஒரு கணம் பார்த்தார். பிறகு தாமே பெட்டிக்குள் கைவிட்டு ஒரு தயிரை எடுத்து அவர் கூடையில் வைத்தார்.

"திங்கக்கிழமை மழை வரும்போல" என்றார்.

"வரும், வரும்" என்றார் ரைண்டர்.

அந்தச் செவ்வாய்க்கிழமை புற்றுநோய் மையத்தில் மாநாடு. தலைப்பு, 'குடும்ப டாக்டர் நம் மேசையில்'. மெரல் போன் செய்து, தானாகவே குடும்ப டாக்டரைக் கேட்ட நோயாளி என்பதால் ரைண்டர் மேடையில் உட்கார வேண்டும் என்றாள். குடும்ப டாக்டர்கள் எல்லாரும் வருகிற இடமாயிற்றே, போக்மாவும் வருவார், காபி நேரத்தில் மடக்கிவிடலாம் என்று ரைண்டர் கோட்டை மாட்டிக்கொண்டு போனார்.

மேடை நடுவே ஆரஞ்சு நாற்காலி, விளக்கு வெளிச்சத்தில். ஓர் ஓரத்தில் ரைண்டர், மடக்கு நாற்காலியில். மையத்தின் இயக்குநர் ஸ்னூக், கழுத்துப்பட்டை இல்லாத விலையுயர்ந்த சட்டையில் வந்து நின்றார்.

"நண்பர்களே, இரண்டு வருடங்களுக்கு முன்னால் குடும்ப டாக்டர் எங்கள் கூட்டங்களுக்கு வராமல் இருந்தார். அதை யாரும் கவனிக்கவே இல்லை. இன்றும் அவர் வருவதில்லை. ஆனால் இன்று அதை அனைவரும் கவனிக்கிறார்கள். இந்த நாற்காலி சாதித்திருப்பது அதைத்தான்."

கை தட்டினார்கள்.

"சிலர் கேட்கிறார்கள், டாக்டரையே கூப்பிட்டிருக்கலாமே என்று. கூப்பிட்டுப் பார்த்தோம். ஒருவர் வந்தார். வந்தவர் தன் நோயாளியைப் பற்றியே பேசினார். அவர் என்ன வேலை பார்த்தார், வீட்டில் யார் இருக்கிறார்கள், ராத்திரி தூங்குகிறாரா என்று. கூட்டம் முழுக்க ஒரு மனிதரிலேயே போய்விட்டது. நாற்காலி ஒருநாளும் அப்படித் திசைதிருப்பியதில்லை."

பலத்த கை தட்டல். கேள்வி நேரத்தில் ரைண்டர் கையைத் தூக்கினார். மேடையில் இருப்பவர் கை தூக்குவது நிகழ்ச்சி நிரலில் இல்லாததால் அவரைக் கவனிக்கச் சற்று நேரமாயிற்று.

"இங்க குடும்ப டாக்டர் யாராவது இருக்கீங்களா?"

அரங்கம் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டது. கொள்கை ஆலோசகர்கள் இருந்தார்கள். காப்பீட்டுக்காரர்கள் இருந்தார்கள். நாற்காலியை வடிவமைத்த கலைஞர்கூட முன்வரிசையில் இருந்தார்.

"செவ்வாய்க்கிழமை அவங்களுக்கு நோயாளிங்க இருப்பாங்களே" என்றார் ஸ்னூக், அன்பாக.

ரைண்டருக்கு ஒரு பூங்கொத்தும் சின்னதாக ஓர் ஆரஞ்சு நாற்காலி பொம்மையும் கொடுத்து அனுப்பினார்கள். பொம்மையை ஆஃப்கே ஜன்னலில், செடிக்குப் பக்கத்தில் வைத்தாள். "இதுலயும் யாரும் உட்காரக் கூடாதா?" என்று கேட்டாள். பிறகு சிரித்தாள். பிறகு எழுந்து சமையலறைக்குப் போனாள், வெகுநேரம் வரவில்லை. வியாழக்கிழமைக்கு ஒரு நாள்தான் இருந்தது. இருவரும் அதைப் பற்றிப் பேசவே இல்லை. மேலும் மூன்று மாதம் வேண்டும் என்று அவள் நினைக்கிறாள் என்று அவர் நினைத்தார். அவள் என்ன நினைத்தாள் என்று அவர் கேட்கவில்லை.

புதன்கிழமை ஊரில் குளிர்காலக் காய்ச்சல் தடுப்பூசி.

வருஷா வருஷம் இலையுதிர்காலத்தில் அது ஊர்த் திருவிழா மாதிரி. விளையாட்டுக் கூடத்தில் வயசானவர்களும் நோயாளிகளும் இடது கைச் சட்டையைத் தோள்வரை சுருட்டிக்கொண்டு வரிசையில் நகர்வார்கள். கோடியில் டாக்டர் நின்றுகொண்டே குத்துவார். குத்து, பஞ்சு, அடுத்த ஆள். ஆளுக்கு இருபது விநாடி. காத்திருந்து உட்காருகிற வேலையே இல்லை, நாற்காலியே கிடையாது. ரைண்டரும் பட்டியலில் இருந்தார். புற்றுநோய் சம்பந்தமாகத்தான் அவரைப் பட்டியலில் சேர்த்திருந்தார்கள். ஒப்பந்தம் எழுதியவர்கள் ஊசியை எப்படியோ மறந்துவிட்டார்கள்.

ஹெர்மா வாசலில் நின்று பெயரைச் சரிபார்த்து உள்ளே விட்டாள். "ஊசி மட்டும்தான்" என்றாள், எதையோ மோப்பம் பிடித்தவள்போல.

ரைண்டருக்கு முன்னால் பவ்வே. வாத்தியக் குழுவில் டிராம்போன் வாசிப்பவர், பெரிய தோள்காரர். பின்னால் ஆஃப்கே, சட்டையைச் சுருட்டிக்கொண்டு. அவள் பின்னால் பாதி ஊர். பவ்வே குத்து வாங்கி நகர்ந்தார். ரைண்டர் மேசைமுன் வந்து தோளைக் காட்டினார். டாக்டர் போக்மா குத்தினார், பஞ்சை வைத்து அழுத்தினார்.

ரைண்டர் நகரவில்லை.

"ரைண்டர், முடிஞ்சுது."

"டாக்டர், நாளைக்கு முடிவு சொல்லணும். இன்னும் மூணு மாசம் மருந்து போடுறதா வேண்டாமான்னு. உங்களைப் பாக்க ரெண்டு வாரமா அலையுறேன். காதைக்கூடக் கழுவிக்கிட்டேன்."

வரிசை முன்னால் எட்டிப் பார்த்தது. டாக்டர் அடுத்த ஊசியைக் கையில் எடுத்தவர் அப்படியே நின்றார்.

"நீங்க என்னைத் தேடவே இல்லைன்னு நெனச்சேன். ஆஸ்பத்திரியிலேர்ந்து எழுதியிருந்தாங்க, நீங்க நல்ல கவனிப்புல இருக்கீங்க, நான் எதுவும் செய்ய வேண்டியதில்லைன்னு. கடையில பாத்தப்ப நீங்களா பேசுவீங்கன்னு பாத்தேன்."

"கடையில எப்படிப் பேசுறது?"

"அதுவும் சரிதான்" என்றார் டாக்டர் போக்மா.

"டாக்டர், வரிசை" என்று வாசலிலிருந்து ஹெர்மா குரல் கொடுத்தாள்.

"வரிசைக்கு என்ன அவசரம்?" என்றது பின்னாலிருந்து தியால்டாவின் குரல். "எனக்கு முதுகு வலி. நானே நிக்கிறேன். பேசட்டும்."

டாக்டர் ஊசியைத் தட்டில் வைத்துவிட்டு ரைண்டரின் வலது கையை எடுத்தார். "எந்த விரல்?"

"இது மூணும். மத்ததும்தான். ஆனா இது மூணும்தான் வேணும்."

"கோட்டுப் பொத்தான் போட முடியுதா?"

"ஆஃப்கே போட்டுவிடுறா."

"போன வாரம் ஒத்திகையில ஒரு பாட்டுக்குள்ள ஏழு தப்பு" என்றார் பவ்வே, பஞ்சைப் பிடித்தபடி. "அவனுக்குத் தெரியும். நாங்க சொல்லலை."

"நீ எப்பவும் தப்பாத்தான் வாசிக்கிற, உனக்கு யாராவது சொன்னாங்களா?" என்றார் ரைண்டர்.

வரிசை சிரித்தது. டாக்டர் சிரிக்கவில்லை. "மருந்தை நிறுத்தினா உங்களுக்கு என்ன பயம்?"

ரைண்டர் பஞ்சைப் பார்த்தார். "நிறுத்திட்டு அது திரும்பி வந்துட்டா, ஒரு ஊதுகுழலுக்காக என்னை விட்டுட்டுப் போனானேன்னு இவ நினைப்பா."

ஆஃப்கே அவர் பின்னாலேயே நின்றாள். சுருட்டிய சட்டையோடு, வெறும் தோளோடு.

"மடையா" என்றாள் மெதுவாக. "எனக்காகத்தான் நீ மருந்து போட்டுக்கப் போறேன்னு நான் ரெண்டு வாரமாத் தூங்கலை. நீ ஹார்னைத் துணியில சுத்திப் பரண்ல வெச்சியே, அன்னிக்கே சொல்லியிருக்கணும். வேண்டாம்னு."

வரிசையில் ஒருவரும் இருமவில்லை. காய்ச்சல் ஊசி வரிசையில் அது பெரிய விஷயம்.

"முடிவை நான் சொல்ல மாட்டேன். பலன் கொஞ்சம்னு ஆஸ்பத்திரி டாக்டர் சொன்னது உண்மைதான். அந்தக் கொஞ்சம் உங்களுக்கு எவ்வளவு பெருசுன்னு நீங்க ரெண்டு பேரும்தான் சொல்லணும். இப்ப பாதி சொல்லிட்டீங்க. நாளைக்கு எத்தனை மணிக்கு?" என்றார் டாக்டர்.

"பதினொண்ணு. ஆனா உங்களுக்கு நோயாளிங்க இருப்பாங்களே."

"இருப்பாங்க. நீங்களும் அதுல ஒருத்தர்தானே. ஹெர்மா, நாளைக்குக் காலையில காது, மரு எல்லாத்தையும் நீயே பாத்துக்கோ."

வியாழக்கிழமை ஆலோசனை அறைக்குள் ரைண்டர், ஆஃப்கே, பின்னால் சைக்கிள் கவசத்தைக் கையில் பிடித்தபடி டாக்டர் போக்மா. மெரல் எழுந்து நின்றாள்.

"நீங்க?"

"இவங்களோட குடும்ப டாக்டர்" என்று சொல்லிக்கொண்டே போக்மா ஆரஞ்சு நாற்காலியை நோக்கி நடந்தார்.

"மன்னிக்கணும், அது குடும்ப டாக்டருக்கானது."

"அதைத்தான் சொன்னேன்."

மெரல் நெளிந்தாள். "அது பொதுவான குடும்ப டாக்டருக்கு. குறிப்பா ஒருத்தருக்கு இல்லை. நீங்க உட்காந்துட்டா, மத்த டாக்டருங்க விலக்கப்பட்ட மாதிரி ஆயிடும்."

டாக்டர் போக்மா சுற்றிலும் பார்த்தார். மூலையில் நோயாளிகளை உட்காரவைத்து எடை பார்க்கும் நாற்காலி இருந்தது. அதை இழுத்துப் போட்டு அதில் உட்கார்ந்தார். தலைக்குப் பின்னால் எழுபத்தெட்டு கிலோ என்று சிவப்பு எழுத்தில் ஒளிர்ந்தது. பேச்சு முடியும்வரை அது அணையவில்லை.

"நேத்து மதியம் தட்டு நிறைய சாப்பிட்டேன்" என்றார்.

பேச்சு கால் மணி நேரம்கூட ஆகவில்லை. ரைண்டர் வேண்டாம் என்றார். ஏன் என்றும் சொன்னார். ஆஃப்கே தலையாட்டினாள். ரோஸ்மாலன் பேனாவை மூடினார்.

"நீங்க ஹார்ன் வாசிக்கிறவர்னு தெரிஞ்சிருந்தா நானே முதல்ல இதைத்தான் சொல்லியிருப்பேன்."

"நீங்க கேக்கலையே."

"அதை நாங்க கேக்கிறதில்லை" என்றார் ரோஸ்மாலன், உண்மையாகவே வருத்தப்பட்டு. "அது குடும்ப டாக்டர் பக்கம்." பிறகு தானே நிறுத்திக்கொண்டார். எடை நாற்காலியைப் பார்த்தார். போகும்போது போக்மாவிடம் தன் சொந்த போன் நம்பரைத் துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தார். மெரலுக்குத் தெரியாமல்.

நவம்பர் பாதியில், குழந்தைகளுக்குப் பரிசு தரும் செயின்ட் நிக்கலாஸ் வேடத்தில் ஒருவர் வழக்கம்போல் படகில் வந்து இறங்கியபோது கால்வாய்க் கரையில் வாத்தியக் குழு நின்றது. ரைண்டர் விரல் வெட்டிய கையுறையோடு வாசித்தார். தப்புகள் இருந்தன. எண்ண முடியாதபடி பவ்வே டிராம்போனில் மூடிக்கொடுத்தார்.

வசந்தத்தில் புற்றுநோய் மையம் முன்னேறியது. நாற்காலியும் இடத்தை அடைப்பதால், இனி குடும்ப டாக்டரின் இன்மையைக் கணினித் திரையிலேயே காட்டுவது என்று முடிவாயிற்று. பழைய நாற்காலி பழம்பொருள் கடைக்குப் போனது. ஆஃப்கே பித்தளைத் தகட்டைப் பார்த்துப் பேரம் பேசாமல் வாங்கி, சைக்கிள் கூடைவண்டியில் ஏற்றிவந்து சமையலறையில் போட்டாள்.

அந்த வாரம் டாக்டர் போக்மா விரல்களைப் பார்க்க வீட்டுக்கு வந்தார். இப்போதெல்லாம் மாதம் ஒருமுறை வருகிறார், கடையில் வானிலையைப் பேசிக்கொண்டே நாளைக் குறித்துக்கொள்வார்கள். ஆஃப்கே காபி ஊற்றினாள், பிஸ்கட் டப்பாவைத் திறந்தாள். இரண்டாவது பிஸ்கட் எடுக்கட்டும் என்று மூடாமல் வைத்தாள். டாக்டர் ஆரஞ்சு நாற்காலியில் உட்கார்ந்தார். சாய்ந்து பார்த்தார். முன்னால் நகர்ந்து பார்த்தார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

"என்ன ரைண்டர் இது, ஒரு நிமிஷம்கூட உட்கார முடியலை."

"அதிசயமா இருக்கே" என்றார் ரைண்டர், மூன்று விரலாலும் கோப்பையைப் பிடித்துத் தூக்கியபடி. "அங்க இருந்த வரைக்கும் ஒரு டாக்டர்கூடக் குறை சொன்னதில்லை."